நகல் என்னிடம் உள்ளது

என் அண்ணன் ஒட்டும் உறையைப் பிரிப்பதற்கென்றே எங்கள் ஆபீஸ் வரவேற்பறை மேசையில் ஒரு கத்தரிக்கோல் கிடந்தது. முதலில் பசை தடவுவான். அது காய்ந்ததும் மேலே பழுப்பு டேப் ஒட்டுவான். பாதி டேப்பிலும் பாதி உறையிலும் விழுகிற மாதிரி ஒரு கையெழுத்துப் போடுவான். இவ்வளவு கட்டுக்காவலுக்கும் உள்ளே இருப்பது ஒரே ஒரு தாள். அந்தத் தாளின் கடைசி வரி ஒருநாளும் மாறியதில்லை: 'நகல் என்னிடம் உள்ளது.' அதற்குக் கீழே தேதியும் மணியும்.

ஆறு வருடமாக அந்த உறைகளைச் சுமந்து போனவள் நான். மாடியில் அண்ணனும் அண்ணியும், கீழ்வீட்டில் நான் என்று குடியிருந்ததால் அந்த உத்தியோகம் தானாக என் தலையில் விழுந்தது. ஆபீஸில் அவனுக்குப் 'பூட்டு' என்று பேர். யார் வைத்தது என்று கேட்காதீர்கள், நானாகவும் இருக்கலாம்.

நான் வேலை பார்ப்பது ஒரு சினிமாத் தொழில் பத்திரிகையில். மாதம் இரண்டு இதழ். ரசிகர்கள் வாங்குகிற பத்திரிகை இல்லை. தியேட்டர் நடத்துகிறவர்கள், படத்தை வாங்கி விற்கிறவர்கள், லைட் வாடகைக்கு விடுகிறவர்கள், டப்பிங் தியேட்டர்காரர்கள் இவர்கள்தான் படிப்பார்கள். அட்டையில் புது மாடல் ப்ரொஜெக்டர் படம் வந்தால் எங்களுக்கு அதுவே கவர்ச்சிப் படம். அங்கே பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. எழுதுவது ஒரே ஒரு நிருபர். அது போதாதென்று வெளியாட்களிடமும் கட்டுரை வாங்குவோம். வெளியாள் கட்டுரையை எடுத்த எடுப்பில் அனுப்ப முடியாது. முதலில் 'ஐடியா தாள்' ஒன்று அனுப்ப வேண்டும். யாரைப் பற்றி, அவர் எங்கே இருக்கிறார், ஏன் இப்போது எழுத வேண்டும் என்று மூன்று கேள்விக்கு அதில் பதில் இருக்க வேண்டும். ஆசிரியர் மேடம் சரி என்று சொன்ன பிறகுதான் மீதி.

அண்ணனுடைய ஐடியா தாளில் அந்த மூன்றும் இருக்காது. ஒருமுறை தியேட்டர் வெண்திரையைக் கழுவும் ஆட்களைப் பற்றி எழுத நினைத்தான். அனுப்பிய தாளில் இருந்தது இவ்வளவுதான்: 'ஒரு வெள்ளைப் பொருள். அதைக் கழுவ ஆறு பேர். மற்ற விவரங்கள் தங்கள் ஒப்புதலுக்குப் பின்.' மேடம் அதை நிருபரிடம் காட்டி, "சுண்ணாம்பு அடிக்கறதப் பத்தியா?" என்று கேட்டார். தாள் திரும்பி வந்தது. நான்கு மாதம் கழித்து நிருபர் வெண்திரை கழுவுவதைப் பற்றி எழுதினார். அந்தப் பக்கத்துக்கான படங்கள் அண்ணன் தாள் வருவதற்கு முன்பே என் கம்ப்யூட்டரில் இருந்தவை. இதை அண்ணனிடம் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். "அப்படித்தான் சொல்லுவாங்க" என்றான். சொன்னது நான்தான் என்பதே அவனுக்கு மறந்துபோய்விட்டது.

அவனை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பத்தொன்பது வருடம் ஒரு பட விநியோக ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தவன். படம் எந்தத் தேதியில் வெளியாகிறது என்பது அங்கே உயிர்நிலை. தேதி கசிந்தால் போட்டிக்காரன் அதே நாளில் தன் படத்தை இறக்கிவிடுவான். அதனால் போனில் யாரும் தேதியைத் தேதியாகச் சொல்லமாட்டார்கள். "பெரியவர் வெள்ளிக்கிழமை வர்றார், சின்னவர் ரெண்டு வாரம் தள்ளிப் போறார்" என்றுதான் பேச்சு. அதே பாஷையை வீட்டுக்கும் கொண்டு வந்தான். கேஸ் சிலிண்டர் வந்துவிட்டதா என்று கேட்க, "கனமான ஆள் வந்தாச்சா?" என்பான். அண்ணி புது மருமகளாக இருந்த நாட்களில் அதைக் கேட்டு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்திருக்கிறார்.

அந்த ஆபீஸில் ஒருமுறை தேதி கசிந்தது. பழி அண்ணன்மேல் விழுந்தது. எட்டு மாதம் அவன் மேசைக்கு ஒரு தாள்கூட வராமல் பார்த்துக்கொண்டார்கள். வெறும் மேசையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு வருவான். கடைசியில் கசியவிட்டது வேறு யாரோ என்று தெரிந்தது. தாள்கள் மறுபடி வர ஆரம்பித்தன. யாரும் வந்து மன்னிப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்கப்புறம்தான் அவன் எழுதும்போது இடது கையால் தாளை மூடிக்கொள்ள ஆரம்பித்தான் என்று அண்ணி சொல்வார்.

பிறகு அந்த ஆபீஸையே மூடிவிட்டார்கள். அண்ணனிடம் மிஞ்சியது அந்தத் தொழிலில் இருந்த ஆட்களைப் பற்றிய அறிவு மட்டும்தான். யாரும் எழுதாத ஆட்கள் எல்லோரையும் அவனுக்குத் தெரியும். எழுத்தும் நன்றாக வரும். ஆறு வருடத்தில் அறுபதுக்கும் மேல் தாள் கொடுத்து மூன்று கட்டுரை வெளியானது. அந்த மூன்றையும் மேடம் இன்றைக்கும் புகழ்வார். போன வருடக் கடைசியில் மேடம் ஓர் அறிவிப்புச் செய்தார். கடைசிப் பக்கத்தில் வருடம் முழுக்க ஒரு தொடர், தொழிலில் முகம் தெரியாத ஆட்களைப் பற்றி. எழுதுவது ஒரே வெளியாள். பெயரும் போட்டோவும் வரும். அண்ணன் அந்தப் பக்கத்துக்காகவே பிறந்தவன். அவனுக்கும் அது தெரியும். நாற்பத்தெட்டு வயதில் அவன் வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடி முன்னால் நின்று போட்டோவுக்கு எந்தச் சட்டை என்று அண்ணியிடம் கேட்டிருக்கிறான்.

"அவருக்குக் குடுக்கத்தான் நெனைக்கறேன்" என்று மேடம் என்னிடம் சொன்னார். "ஆனா தாள்ல ஒண்ணுமே இல்லையேம்மா. மூடின டப்பாவ நான் எப்படி வாங்கறது?"

அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். "தெறந்து காட்டினா டப்பா மட்டும்தான் திரும்பி வரும்" என்றான்.

எங்கள் இருவருக்கும் நடுவே வினையாக வந்த இதழ் அதற்கு இரண்டு மாதம் கழித்து வெளியானது. நடுப்பக்கத்தில் ஒரு பெண்மணி. டப்பிங் தியேட்டரில் படத்தின் கூட்டங்களுக்குக் குரல் கொடுப்பவர். சந்தை இரைச்சல், ஆஸ்பத்திரி வராந்தா, தீப்பிடித்த வீட்டின் முன் ஜனங்கள் எல்லாம் அவரும் அவர் குழுவில் இருக்கும் ஐந்து பேரும்தான். எழுதியவர் எங்கள் நிருபர். பக்கத்தை அமைத்தது நான். ஒலி அலை மாதிரி ஒரு கோடு போட்டு, நன்றாகவே செய்திருந்தேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் இதழைக் கையில் சுருட்டிக்கொண்டு படியிறங்கி வந்தான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"பக்கம் ரொம்ப அழகா இருக்கு" என்றான்.

"தேங்க்ஸ்" என்றேன், விஷயம் தெரியாமல்.

"இத நான் மூணு மாசம் முன்னாடி குடுத்தேன். உறைய ஒட்டி, கையெழுத்துப் போட்டு, உன் கையில."

எனக்குச் சுரீரென்றது. "அண்ணா, நான் பிரிச்சுப் பாக்கறதில்ல. உள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் ஒண்ணும் சொல்லலையே" என்றான். சொல்லாமல் சொல்வதில் அவனுக்குப் பத்தொன்பது வருடப் பயிற்சி. ஒரு நிமிஷம் நின்று என் கைப்பையைப் பார்த்தான். பிறகு மாடிக்குப் போய்விட்டான். அன்றிலிருந்து உறைகளைத் தபாலில் போட்டான், அதுவும் ரிஜிஸ்டர் தபாலில். என் ஆபீஸ் அவன் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்.

பத்து நாள் கழித்துத் திடீரென்று குழைந்தான். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்று, ஓர் அருமையான ஐடியா கிடைத்திருக்கிறது என்றான். படப்பிடிப்புக்குப் பூனை வாடகைக்குக் கொடுக்கிற ஒருவர். முப்பத்தொரு பூனை. படத்தில் பூனை எங்கே குறுக்கே போனாலும் அது அவருடையது. பஸ் டெப்போவுக்குப் பின்னால், மூன்றாவது சந்து, பச்சை கேட். "உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன். மூச்சு விடாத" என்றான்.

எனக்கு வாயெல்லாம் பல். ஆறு வருடத்தில் என்னிடம் முகவரியோடு அவன் சொன்ன முதல் ஐடியா அது. நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்தேன். மேடத்துக்கு ஐடியா தாளோடு ஒரு போட்டோ இருந்தால் உடனே பிடித்துவிடும். அண்ணனுக்கு போட்டோ எடுக்க வராது. அவன் எடுத்தால் ஆளுக்குத் தலை இருக்காது. சரி, நாமே எடுத்து அவன் கையில் கொடுத்து அசத்திவிடலாம் என்று ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கேமராவை வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் டெப்போவுக்குப் பின்னால் சந்துகள் இரண்டுதான். இரண்டாவது சந்து ஒரு மதில் சுவரில் போய் முடிந்தது. டயர் கடைக்காரரிடம் பூனைக்காரர் வீடு எது என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பச்சை கேட் ஒன்று இருந்தது. உள்ளே ஒரு பல் டாக்டர். அவரிடமும் பூனை கேட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. நான்கு தெரு தள்ளி ஒரு வீட்டில் இரண்டு பூனை இருப்பதாக யாரோ சொல்ல, அங்கேயும் போய், அந்த வீட்டம்மாவிடம் மீதி இருபத்தொன்பது எங்கே என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். மத்தியானம் மூன்று மணிக்கு, மூடியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பூனையும் இல்லை, பூனைக்காரரும் இல்லை. என்னிடம் மட்டும் சொன்ன ஐடியா எந்த இதழில் வருகிறது என்று பார்ப்பதற்காக வைத்த பொறி இது. எலி நான்.

அந்தப் படியில் உட்கார்ந்து அழுதேன். இதை மறைக்க ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாடி ஏறினேன். "அண்ணா, அங்க மூணாவது சந்தே இல்ல."

அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நீ ஏன் அங்க போன?"

"போட்டோ எடுக்க."

"யாரு எடுக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லல. உனக்காகத்தான் போனேன். படத்தோட குடுத்தா மேடத்துக்குப் பிடிக்கும்னு..."

"பாத்தியா!" என்று அண்ணி பக்கம் திரும்பினான். "வந்துருச்சு பாரு, மேடம் பேரு. கேமரா யாருது? ஆபீஸ் கேமரா!"

கையும் களவுமாகப் பிடித்துவிட்ட திருப்தி அவனுக்கு. நான் அவனுக்காக அலைந்ததே நான் திருடி என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. அண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏங்க, அவ மொகத்தப் பாருங்க. வெயில்ல கருகிப் போயிருக்கா" என்றார். அவன் பார்க்கவில்லை. கீழே வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஒரு மாதம் அந்த மாடிப்படியை மிதிக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில், நடுப்பக்கத்தில் வந்த அந்தக் குரல் அம்மா எங்கள் ஆபீஸுக்கு வந்தார். தன்னைப் பற்றி வந்த இதழில் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க ஐந்து பிரதி வேண்டுமாம். எடுத்துக் கொடுக்கப் போனவள் நான். ஐம்பது வயதிருக்கும், கணீரென்ற தொண்டை. சும்மா பேசினாலே நாலு பேர் பேசுகிற மாதிரி இருந்தது.

"நல்லா போட்டீங்கம்மா. ஆனா உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் வந்தாரு, அவரால நான் ரெண்டு நாள் தூங்கல" என்றார்.

"யாரு?"

"யாருக்குத் தெரியும்? ஒல்லியா ஒருத்தர். பேரு கேட்டா 'அது அப்புறம்'ங்கறாரு. எந்தப் பத்திரிகைன்னா 'அது இப்ப வேணாம்'ங்கறாரு. நோட்டுமேல கைய வச்சு மூடிட்டே எழுதறாரு. ஆனா எங்க குரூப்ல எத்தன பேரு, எந்தத் தியேட்டர்ல வேல, யாருக்கு என்ன குரல் வரும், எல்லாத்தையும் நோண்டி நோண்டிக் கேக்கறாரு. எதிர் குரூப்பு அனுப்பின ஆளுன்னு முடிவே பண்ணிட்டேன்."

பிரதிகளைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"அப்புறம் இங்க போன் பண்ணிக் கேட்டேன், உங்க ஆளான்னு. உங்க மேடம் 'நாங்க யாரையும் அனுப்பலையே'ன்னாங்க. சரி, நீங்க என்ன வேல பண்றீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். மறுநாளே உங்க நிருபர் வந்து நின்னாரு."

அவரை நேராக மேடத்தின் அறைக்குக் கூட்டிப்போனேன். மேடம் திருப்பி அனுப்பிய ஐடியா தாள்களுக்கும் ஒரு பிரதி எடுத்துக் கோப்பில் வைக்கிறவர். கோப்பைப் புரட்டி ஒன்றை உருவினார். அண்ணன் கையெழுத்து. 'ஓர் அறை. ஒரு பெண்மணி. அவர் இல்லாவிட்டால் எந்தப் படத்திலும் கூட்டம் இல்லை. மற்ற விவரங்கள் தங்கள் ஒப்புதலுக்குப் பின். நகல் என்னிடம் உள்ளது.'

"நடிக்க ஆள் சப்ளை பண்றவங்கன்னு நெனச்சேன்" என்றார் மேடம். "அதான் போன வருஷமே போட்டுட்டோமேன்னு வேணாம்னேன். இவங்க போன்ல பேசினப்போ ரெண்டும் ஒண்ணுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அடுத்த வியாழக்கிழமைக்குள்ள அஞ்சு தாள் வேணும். ஆளோட பேரு, முகவரி, போன் நம்பர் எல்லாத்தோடயும். இல்லைன்னா கடைசிப் பக்கத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துருவேன். நான் இதுக்குமேல காத்திருக்க முடியாது."

அண்ணனுக்கு போன் செய்தேன். ஒரு மாதம் கழித்து என் குரலைக் கேட்டவன் எடுத்ததும், "என்ன?" என்றான். குரல் அம்மாவிடம் கொடுத்துப் பேசச் சொன்னேன். அவர் முழுவதையும் சொன்னார். அண்ணன் கடைசியில் என்னிடம் சொன்னது இது: "கூட்டத்துக்கே குரல் குடுக்கறவங்க இருக்காங்கன்னு உங்க பத்திரிகையே போட்டிருக்கு. அந்த அம்மா குரல்ல வேற ஒருத்தியப் பேச வைக்க எவ்வளவு நேரமாகும்?"

போனை வைத்தேன். எனக்கு வந்த கோபத்தில் ஆட்டோவைக் கூப்பிட்டு குரல் அம்மாவை ஏற்றினேன். நல்லவேளை, அவருக்கும் அந்த ஒல்லி மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள ஆசை.

மாடிப்படி ஏறி வாசலில் நின்றோம். அண்ணன் மேசையில் எழுதிக்கொண்டிருந்தான், இடது கையால் மூடியபடி. குரல் அம்மா ஒரு கணம் அந்தக் கையைப் பார்த்தார்.

"இவருதான்!" வீடே அதிர்ந்தது. "இதே கைதான்! பேரு சொல்லாதவரு!"

அண்ணன் எழுந்து நின்றுவிட்டான்.

"ஏங்க, பேரச் சொல்லியிருந்தா உங்கள சந்தேகப்பட்டிருப்பேனா?" என்றார் குரல் அம்மா. "நான் நிருபர்கிட்ட சொல்லாத கதை இன்னும் இருபது இருக்கு. உங்ககிட்ட சொல்லியிருப்பேனே. நீங்க என்னப் பாத்துப் பயந்தீங்க, நான் உங்களப் பாத்துப் பயந்தேன். அந்தத் தம்பி வந்து ஹாயா எழுதிட்டுப் போயிட்டாரு."

அண்ணி முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் வியாழக்கிழமைக் கெடுவை மட்டும் சொன்னேன். பூனையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணன் என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். பேனாவை மூடி வைத்தான். அவனிடமிருந்து ஏதாவது வரும் என்று எதிர்பார்த்த என்னை நானே திட்டிக்கொண்டு குரல் அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை மத்தியானம் அவன் ஆபீஸ் வரவேற்பறைக்கு வந்தான். வெளியாட்கள் தாங்களாக அதற்கு மேல் உள்ளே வர அனுமதியில்லை. என்னைக் கூப்பிட்டு அனுப்பினான். கையில் உறை. நான் பிடித்து இழுத்தேன், அவன் மறுமுனையை விடவில்லை. பழக்க தோஷம். மூன்று விநாடி இருக்கும். பிறகு விட்டான். விட்டதும் விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டான்.

உறையைத் திருப்பிப் பார்த்தேன். பசை இல்லை, டேப் இல்லை, கையெழுத்து இல்லை. மடல் சும்மா திறந்து கிடந்தது. நான் எட்டிப் பார்க்கவில்லை. அப்படியே மேடம் மேசையில் வைத்துவிட்டு நின்றேன்.

மேடம் ஒவ்வொன்றாகப் படித்தார். பெயர், வீட்டு எண், தெரு, போன் நம்பர் எல்லாம் இருந்தன. ஒருவரைப் பற்றி, 'மத்தியானம் தூங்குவார், நான்கு மணிக்குமேல் போகவும்' என்றுகூட எழுதியிருந்தான். நான்கு தாளையும் அடுக்கி மேலே டிக் அடித்தார். "இத்தன நாளா இதெல்லாத்தையும் எங்க வச்சிருந்தாரு மனுஷன்? அடுத்த இதழ்லேருந்து ஆரம்பிச்சுரலாம்னு சொல்லிரு. போட்டோ எடுக்க வரச் சொல்லு."

பிறகு ஐந்தாவது தாளை எடுத்தார். நெற்றி சுருங்கியது. "இது யாரும்மா? இதுல உன் போன் நம்பர் இருக்கே?"

எட்டி வாங்கினேன். மேல் ஓரத்தில் என் நம்பர், அதன் கீழே இது:

'தலைப்பு: இல்லாத பூனைக்காரர். யாரைப் பற்றி: இல்லாத சந்தில் இல்லாத வீட்டைத் தேடி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வெயிலில் அலைந்த ஒருவரைப் பற்றி. அனுப்பியவன் அவருடைய அண்ணன். எங்கே: கீழ்வீட்டில் இருக்கிறார். ஏன் இப்போது: இதே மாதிரி ஒருமுறை எனக்கு நடந்தது. அப்போது யாரும் வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்தேன்.'

"அது தவறிப்போய் வந்திருச்சு மேடம். எங்க வீட்டுத் தாள்" என்றேன். மேடம் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து மறுபடி படித்தேன். அடியில் தேதி இருந்தது, மணி இருந்தது. மற்ற நான்கு தாளிலும் அதற்கு மேலே அந்தப் பழைய 'நகல்' வரி இருந்ததை மேடம் அடுக்கும்போது பார்த்திருந்தேன். இதில் இல்லை. அதை மடித்து என் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அதற்கு வேறு பிரதி கிடையாது. இருப்பது என்னிடம் மட்டும்தான்.